வயதான பூனையைப் பராமரிப்பதும் வழியனுப்புவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பூனை இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பூனை வளர்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கால்நடை மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வதற்கு இது ஈடாகாது. எப்போது அவரிடம் ஓட வேண்டும், போனால் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு உதவும்.

எத்தனை வயதானால் பூனைக்கு முதுமை?

பத்து வயதுக்கு மேல் முதுமை என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். 15 வயதுப் பூனை, மனிதக் கணக்கில் 76 வயதுக்காரர். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பதினைந்தைத் தாண்டுவது இப்போது அபூர்வமில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் க்ரீம் பஃப் என்ற பூனை 1967 முதல் 2005 வரை 38 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது.

நம் வீட்டுப் பூனைகளில் பல, மதில் ஏறி வந்து தானாகவே தங்கிவிட்டவை. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. பல்லையும் கண்ணையும் பார்த்து மருத்துவர் தோராயமாக ஒரு வயது சொல்வார், அது போதும்.

"வயசாயிடுச்சு, அதான் மெலியுது" என்கிறார்கள். சரிதானா?

இல்லை. இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ பூனைகள் கவனிப்பாரில்லாமல் போயிருக்கின்றன. முதுமை ஒரு நோய் அல்ல. பூனை மெலிந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் அந்தக் காரணத்துக்கு ஏதாவது செய்யவும் முடியும்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீரகம். வயதான பூனைகளை அதிகம் வாட்டுவது அதுதான். சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகுதான் வெளியே ஏதாவது தெரியவே ஆரம்பிக்கும். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், மண் தட்டில் (பூனை மலசலம் கழிக்க வைக்கும் தட்டு) சிறுநீரில் நனைந்த மண் உருண்டை பெரிதாகும், பூனை குளியலறைக் குழாயடியில் போய் நிற்கும், முடி பொலிவிழந்து கொத்துக் கொத்தாக நிற்கும். அப்புறம்தான் வாந்தி, பசியின்மை எல்லாம்.

அடுத்தது தைராய்டு. இதில் மனிதர்கள் ஏமாந்துவிடுவார்கள், ஏனென்றால் பூனை நன்றாகச் சாப்பிடும். முன்பைவிட அதிகமாகவே கேட்கும், ராத்திரியில் கத்தும், சுறுசுறுப்பாகவும் இருக்கும், ஆனால் முதுகெலும்பு கையில் தட்டும். மாத்திரையால் கட்டுக்குள் கொண்டுவரக்கூடிய நோய் இது. சர்க்கரை நோயிலும் பசியும் தாகமும் கூடி உடம்பு இளைக்கும்.

பல்லையும் மறந்துவிடாதீர்கள். பூனைப் பல் ஈறுக்கு அடியிலேயே கரைந்து குழியாகும் ஒரு நோய் உண்டு. வலி கடுமையாக இருக்கும். தட்டருகே ஆசையாக வந்து, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கீழே போட்டுவிட்டுப் போகும் பூனைக்குப் பசி இல்லாமல் இல்லை, வாய் வலிக்கிறது.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துக்கொள்ளுங்கள். நாலு கிலோ பூனைக்கு 400 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு உடம்பே போயிருக்கிறது என்று அர்த்தம்.

மருத்துவரிடம் என்னென்ன பரிசோதனை கேட்கலாம்?

ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின், பாஸ்பரஸ், சர்க்கரை, தைராய்டுக்கு டி4. சிறுநீரின் அடர்த்தி. முடிந்தால் ரத்த அழுத்தம். பத்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு இருமுறை பார்த்துவிட்டால் நல்லது. பக்கத்தில் வசதி இல்லாதவர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் இருக்கின்றன. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

பூனைக்கு வலிக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கத்தவே இல்லையே?

கத்தாது. வலியை மறைப்பது பூனையின் பிறவிக் குணம். பெரிய மிருகத்துக்கு இரையாகிவிடக் கூடாதே என்று பலவீனத்தை வெளியே காட்டாமல் வாழ்ந்த உயிர் அது. அதனால் அழுகைக்காகக் காத்திருக்காதீர்கள், செய்துவந்ததை எல்லாம் எப்போது நிறுத்தியது என்று பாருங்கள்.

பீரோ மேல் ஏறிப் படுத்த பூனை இப்போது கட்டிலோடு நிறுத்திக்கொள்கிறதா? ஜன்னல் விளிம்புக்குத் தாவும் முன் யோசிக்கிறதா? மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்துவிடுகிறதா? மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். 12 வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் பத்தில் ஒன்பதுக்கு இந்தத் தேய்மானம் தெரிந்தது. முதுகையும் இடுப்பையும் நக்கிச் சுத்தம் செய்ய முடியாமல் அங்கே முடி சிக்குப் பிடிப்பதும், நகம் தேயாமல் வளர்ந்து பாதத்தின் மெத்தைப் பகுதியில் குத்துவதும் இதன் விளைவுதான். வாரம் ஒருமுறை நகத்தைப் பாருங்கள்.

முகத்தையும் படிக்கலாம். மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதற்கு ஓர் அளவுகோலே வகுத்தார்கள். காது இரண்டும் விலகிப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண் பாதி மூடி இறுகியிருக்கும், மூக்கைச் சுற்றிய பகுதி விறைத்திருக்கும், மீசை நேராக நீட்டிக்கொண்டிருக்கும், தலை தோளுக்குக் கீழே தொங்கும். நன்றாக இருக்கும்போதே உங்கள் பூனையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

இன்னொன்று: குறுகுறுவென்று சத்தம் எழுப்புவதால் அது சந்தோஷமாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். வலியிலும், சாகும் தறுவாயிலும்கூடப் பூனை அந்தச் சத்தம் போடும்.

வலிக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

கூடவே கூடாது. டோலோ, குரோசின், கால்பால் எந்தப் பெயரில் வந்தாலும், துணுக்கு அளவிலும் வேண்டாம். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, பூனை இறந்துவிடும். புரூஃபென், டைக்ளோஃபெனாக்கும் ஆபத்துதான். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள், மாற்று மருந்து உண்டு. பூனைக்கென்று பாதுகாப்பான வலி மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும்?

பூனை பிறவியிலேயே மாமிச உண்ணி. பால் சாதமும் தயிர் சாதமும் போட்டு வளர்த்துவிட்டோம், நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் கிடைக்கும். அது குறைந்தால் பூனைக்குக் கண்பார்வை கெடும், இதயம் வீங்கித் தளரும். பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பாலும் சரியாகச் செரிக்காது. வயிற்றுப்போக்கில் நீரிழக்கும் வயதான பூனைக்கு அது இன்னும் கெடுதல்.

வீட்டுச் சாப்பாடு என்றால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் கோழி இதயம், முள் நீக்கிய மீன், வெந்த முட்டை. வேகவைத்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள். டாரினில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும், தண்ணீரும் உள்ளே போகும். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடுவது வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். மத்தி மலிவு என்பதற்காகத் தினமும் அதையே போட்டால் உடம்புக் கொழுப்பில் வீக்கம் வரும், பச்சை மீனைத் தொடர்ந்து போட்டால் பி1 வைட்டமின் குறையும். மாற்றி மாற்றிக் கொடுங்கள். தினமும் வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்றால் எந்தச் சத்தை மேலே சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் பழுதான பூனைக்குப் பாஸ்பரஸ் குறைந்த தனி உணவு கடைகளில் கிடைக்கிறது. அது ஆயுளை நீட்டும் என்பது உண்மை. ஆனால் ஒரே நாளில் மாற்றினால் பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சில வாரங்களில் மாற்றுங்கள். அப்படியும் தொடவில்லை என்றால் அதற்குப் பிடித்ததைப் போடுங்கள். பட்டினி கிடப்பதைவிட எதையாவது சாப்பிடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து, மருத்துவர்களும் இதையே சொல்வார்கள்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறது. எத்தனை நாள் பொறுக்கலாம்?

ஒரு நாளுக்கு மேல் பொறுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் செயலிழக்கத் தொடங்கும். குண்டுப் பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். "ஒரு பொழுது பட்டினி போட்டால் சரியாகும்" என்ற வைத்தியம் பூனைக்கு ஆகாது.

சாப்பாட்டை லேசாகச் சூடாக்கிப் பாருங்கள். வயதான பூனைக்கு மோப்பம் மங்கும், மணம் எழுந்தால்தான் பசி வரும். குமட்டலை நிறுத்தவும் பசியைத் தூண்டவும் மருந்துகள் இருக்கின்றன. ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்டுவதானால் வாயின் ஓரமாக, சொட்டுச் சொட்டாக. அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரை கொடுத்த பின்னும் சில மில்லி தண்ணீர் கொடுங்கள். வறண்ட மாத்திரை தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.

ஊட்டும்போது கடித்துவிட்டால், எவ்வளவு செல்லப் பூனையாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் (வெறிநாய்க்கடி) தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

வீட்டிலேயே சலைன் ஏற்றச் சொல்கிறார் மருத்துவர். நம்மால் முடியுமா?

முடியும். இது நரம்பில் ஏற்றுவது அல்ல, தோலுக்கு அடியில் விடுவது. பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட் பாட்டில்தான் எழுதிக்கொடுப்பார்கள். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், இதயம் பலவீனமான பூனைக்கு இது கெடுதலாகவும் முடியலாம். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி, அதன் அடியில் ஊசியை நுழைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. முதல் இரண்டு முறை மருத்துவர் முன்னிலையில் நீங்களே செய்து பாருங்கள். தோலுக்கடியில் ஒரு மேடு எழும்பி, முன்னங்காலுக்கு இறங்கி, சில மணி நேரத்தில் வற்றிவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

பெரிய செலவு எதுவும் இல்லை. மண் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும், மூட்டு வலிக்கும் பூனையால் உயரமான விளிம்பைத் தாண்ட முடியாது. தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்துவிட்டால் திட்டாதீர்கள், தட்டைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பிடித்த ஜன்னலுக்கு ஒரு முக்காலி போட்டுப் படி அமைத்துக் கொடுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். மொசைக், டைல்ஸ் தரையில் கால் வழுக்கும், நடக்கும் பாதையில் சாக்கோ பழைய பாயோ விரியுங்கள்.

மார்கழியில் மெலிந்த பூனை குளிர் தாங்காது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் செட்டாப் பாக்ஸ் மேலும் போய்ச் சுருண்டுகொள்வது அந்தச் சூட்டுக்காகத்தான். ஓர் அட்டைப் பெட்டியில் பழைய போர்வை போதும். அக்னி நட்சத்திரத்தில் இதற்கு நேர்மாறாக, நீரிழப்பு சட்டென்று வரும். மொட்டை மாடிக்குக் கீழுள்ள வீடு என்றால் பகலில் குளிர்ந்த அறையில் வையுங்கள்.

ராத்திரியில் காரணமில்லாமல் கத்தினால் தைராய்டு, ரத்த அழுத்தம், காது மந்தம், மறதி நோய் எதுவாகவும் இருக்கலாம். முதல் இரண்டையும் பார்த்துவிட்டு, ஒரு சின்ன விளக்கை எரிய விடுங்கள்.

திடீரென்று சுவரில் மோதுகிறது. கண் தெரியவில்லையோ?

கண்ணின் பாவை விரிந்தே இருந்தால் ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றைக்கே போனால் அழுத்தத்தைக் குறைத்துச் சில சமயம் பார்வையை மீட்கலாம். பார்வை திரும்பாவிட்டாலும் பூனை சமாளித்துக்கொள்ளும், சாமான்களை இடம் மாற்றாமல் இருந்தால் போதும்.

சாகும் நேரம் வந்தால் பூனை வீட்டை விட்டுப் போய்விடும் என்கிறார்களே?

பலவீனமான பூனை ஆள் இல்லாத மறைவைத் தேடும், அவ்வளவுதான். வெளியே போக வழி இருந்தால் அடுத்த வீட்டுக் காருக்கு அடியிலோ புதரிலோ போய்ப் படுத்துவிடும், திரும்பி வர உடம்பில் தெம்பு இருக்காது. நாய்களிடம் மாட்டவும் செய்யும். நோயாளிப் பூனையை வெளியே விடாதீர்கள். மறைவு வேண்டுமென்றால் கட்டிலுக்கடியில், அலமாரியின் கீழ்த்தட்டில் ஓர் இடம் செய்து கொடுங்கள்.

போதும் என்று எப்போது முடிவெடுப்பது?

எல்லோரும் கேட்கத் தயங்கும், எல்லோரும் கேட்டே தீரும் கேள்வி இது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது. மொத்தம் 70. 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். வலி என்பதில் மூச்சுத் திணறலும் அடங்கும். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். தூங்கும்போது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ அது அவசரம். மற்றதில் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் மூச்சுக்குத் தவிக்கும் பூனையைக் காக்க வைக்கக் கூடாது.

மதிப்பெண் எல்லாம் சரிவராது என்பவர்கள் தினசரிக் காலண்டர் தாளில் ஒரு குறி போடுங்கள், நல்ல நாளுக்கு ஒன்று, கெட்ட நாளுக்கு ஒன்று. தானாகச் சாப்பிட்டதா, தானாக மண் தட்டுக்குப் போனதா, உங்களைப் பார்த்து எழுந்து வந்ததா, இந்த மூன்றை வைத்து முடிவு செய்யலாம். மனசுக்குள் கணக்கு வைத்தால் ஒரே ஒரு நல்ல சாயங்காலம் ஐந்து கெட்ட நாட்களை மறக்கடித்துவிடும். தாள் மறைக்காது.

இதில் நான் ஒரு பக்கம் சாய்ந்தவன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வர வழியில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, கடைசிச் சொட்டுவரை இழுப்பதைவிடச் சில நாள் முன்னால் ஊசி போட்டு வலியின்றி வழியனுப்புவதே அன்பு. நமக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டியிருக்கும். அந்த வாரத்தை உடம்பில் அனுபவிக்கப்போவது பூனை. "இது உங்கள் பூனையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

ஊசி போட்டு முடிப்பது பாவமில்லையா?

பூனையைக் கொன்றால் பாவம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியில்லாமல் துடித்த ஒரு கன்றை, மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு முடிக்கச் சொன்னார் காந்தி. நாடெங்கும் இருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அந்த வேதனையை நிறுத்துவதுதான் அகிம்சை என்று அவர் எழுதினார், கடைசிவரை அந்தக் கருத்திலிருந்து விலகவில்லை. அவருக்கும் அது சுலபமாக இருந்திருக்காது. மீள முடியாமல் வேதனைப்படும் விலங்கை வலியின்றி முடிப்பதற்கு 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திலும் இடம் இருக்கிறது.

மனம் ஒப்பவில்லை என்றால் உங்களை யாரும் வற்புறுத்தக் கூடாது. அப்படியானால் வலியையும் குமட்டலையும் மருந்தால் அடக்கி வைக்கும் பொறுப்பு உங்களுடையது. ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதற்கு இயற்கை மரணம் என்று பெயர் வைத்துவிடக் கூடாது.

அந்த நேரத்தில் என்ன நடக்கும்?

முன்கூட்டியே தெரிந்தால் கொஞ்சம் தைரியம் வரும். முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் பூனை தளர்ந்து தூங்கிவிடும். நன்றாக மயங்கிய பிறகு காலில் உள்ள ரத்தக்குழாய் வழியாக தையோபென்டோன் அல்லது பென்டோபார்பிட்டல் அதிக அளவில் செலுத்துவார்கள். ஓரிரு நிமிடத்தில் மூச்சு நிற்கும், இதயம் நிற்கும். மயக்க ஊசி முதலில் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லை என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

கண் மூடாது, திறந்தே இருக்கும். சிறுநீர் வரலாம். இதயம் நின்ற பிறகும் ஒரு பெருமூச்சு, ஒரு தசைத் துடிப்பு வரலாம். அதை உணரும் நிலையில் பூனை அப்போது இல்லை. கூடவே இருங்கள். முடியாதவர்கள் வெளியே நிற்கலாம், மயக்கம் வரும் வரையாவது தெரிந்த கை ஒன்று அதன் மேல் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து செய்யும் மருத்துவர் கிடைத்தால் ஆட்டோ, கூண்டு, காத்திருப்பு, நாய்க் குரைப்பு எல்லாம் மிச்சம்.

உடலை என்ன செய்வது?

அன்றைக்கே அடக்கம் செய்யுங்கள், நம் ஊர் வெயிலில் தள்ளிப்போட முடியாது. சில மணி நேரத்தில் உடல் விறைக்கும் என்பதால் முன்னதாகவே கால்களை மடக்கிச் சுருண்ட நிலையில் வைத்து, அடியில் பழைய துண்டு போடுங்கள், நீர் கசியும். பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். கிணறு, போர்வெல்லை விட்டுத் தள்ளி, குறைந்தது மூன்றடி ஆழம் தோண்டி, மேலே கனமான கல் வையுங்கள். ஊசி போட்ட உடலில் அந்த மருந்து தங்கியிருக்கும். நாயோ கீரியோ தோண்டித் தின்றால் அவையும் சாகும், ஆழத்தில் சமரசம் செய்யாதீர்கள்.

அடுக்குமாடியில் மண்ணே இல்லை என்றால்? நண்பர் தோட்டம், சொந்த ஊர் நிலம் என்று முன்பே கேட்டு வையுங்கள். செல்லப்பிராணிகளை எரியூட்டும் இடம் எது என்று உங்கள் மருத்துவரிடமும், மாநகராட்சியிடமும், விலங்கு நல அமைப்புகளிடமும் பூனை இருக்கும்போதே விசாரித்துவிடுங்கள். அழுதுகொண்டே போன் நம்பர் தேடும் நிலை வேண்டாம்.

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

செத்துப்போய்விட்டது என்றே சொல்லுங்கள். "தூங்கிவிட்டது" என்றால் சின்னக் குழந்தை தூங்கவே பயப்படும். "ஊருக்குப் போயிருக்கு" என்றால் வாசலில் காத்திருக்கும். உடம்பு சரியில்லாமல் இருந்தது, மருந்தால் சரிசெய்ய முடியவில்லை, இனி வலிக்காது. இது போதும். அடக்கம் செய்யும்போது வர ஆசைப்பட்டால் வரட்டும்.

வீட்டில் இன்னொரு பூனை இருக்கிறது. அதற்குத் தெரியுமா?

சில பூனைகள் தேடும், கத்தும், சாப்பாட்டைக் குறைக்கும். சில எதுவும் நடக்காதது போல இருக்கும். உடலை முகர விடலாம். இறந்த பூனையின் போர்வையை உடனே துவைக்காமல் சில நாள் விட்டுவையுங்கள். தொற்று நோயால் இறந்திருந்தால் மட்டும் இரண்டும் வேண்டாம். துணைக்கு என்று அவசரமாகக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தால் இருக்கும் பூனைக்கு இன்னொரு தலைவலிதான்.

"ஒரு பூனைக்கா இப்படி?" என்கிறார்கள். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினைந்து வருடம் தினமும் காலையில் உங்களை எழுப்பிய உயிர் அது. அலுவலகத்தில் லீவு கேட்கக் காரணம் சொல்ல முடியாது, துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள், அதனாலேயே இந்தத் துக்கம் தனியாக அழுத்தும். பூனை வளர்த்தவர் ஒருவரிடம் பேசுங்கள், அவருக்கு விளக்கம் தேவைப்படாது. "சீக்கிரம் முடித்துவிட்டேனோ", "தாமதித்துவிட்டேனோ" என்று இரண்டு பக்கமும் மனசு அடித்துக்கொள்ளும். அனேகமாக எல்லோருக்கும் இது வருகிறது. மாதங்கள் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

மீந்த மருந்தும் சாப்பாடும்?

பிரிக்காத சலைன் பாட்டில், சிரிஞ்ச், சிறுநீரக உணவுப் பொட்டலம் எல்லாவற்றையும் காலாவதித் தேதி பார்த்து, உங்கள் மருத்துவரிடமோ பக்கத்து விலங்கு காப்பகத்திலோ கொடுங்கள். செலவு செய்ய வழியில்லாத வேறொரு வீட்டுப் பூனைக்குப் போய்ச் சேரும். பிரித்த மாத்திரைகளை இன்னொரு பூனைக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் மூடி மருத்துவமனையில் ஒப்படையுங்கள், குப்பை அள்ளுபவர் கையில் குத்திவிடக் கூடாது.